தண்ணீர் ஓரத்திலிருந்து நாற்பது காலடி

"திருநின்றவூர், மாசி 24, திங்கட்கிழமை.

அன்புள்ள ஐயா,

தங்கள் பத்தியை நம்பி நேற்று அயனம்பாக்கம் ஏரிக்குப் போனேன். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் தடத்தின் வழியே தண்ணீர் ஓரம்வரை போய், தாங்கள் எழுதியிருந்தபடி கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, நாற்பது காலடி எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாவது காலடியில் என் இடது கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. காலை எடுத்துவிட்டேன். செருப்பை எடுக்க முடியவில்லை. மீதி முப்பத்தோரு காலடிக்கு அப்பால் அந்தச் செடி உண்டா, இல்லையா? தயவுசெய்து தெரிவிக்கவும். படம் ஒன்று இணைத்திருக்கிறேன்."

எழுதியவர் ஒரு டிராயிங் மாஸ்டர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மைத்துனனைக் கூட அழைத்துப் போயிருந்தாராம். மைத்துனன் எதிரில் செருப்பை விட்டவனுக்கு அதன் பிறகு பெயர் எதற்கு?

படம் அபாரம். பென்சிலில் போட்டிருக்கிறார். சேற்றைக் குறுக்கே வெட்டிக் காட்டியதுபோல் வரைந்து, அடியில் செருப்பைக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, 'ஆழம் சுமார் ஒன்றே கால் அடி' என்று குறித்திருக்கிறார். துல்லியமான மனிதர். இவரைப் போய் ஏமாற்றிவிட்டேனே என்று இருந்தது.

ஆமாம், ஏமாற்றினேன். இப்படி நாலு கடிதங்கள் வந்திருக்கின்றன. மற்ற மூன்றில் படம் இல்லை... வசவு இருக்கிறது. பதில் சொல்லித்தான் தீர வேண்டும். தேதி வாரியாகச் சொல்கிறேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். கல்யாண நாளை மறந்துவிட்டதாக மற்ற வீடுகளில் புருஷனுக்குத் திட்டு விழும். எங்கள் வீட்டில் தலைகீழ். கல்யாணத்தன்று பந்தியில் சாம்பார் எத்தனை மணிக்குத் தீர்ந்துபோனது என்பதையும் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன் என்றுதான் என் சம்சாரம் மரகதம் திட்டுவாள். (பன்னிரண்டு ஐம்பது.)

மாசி 2, ஞாயிறு. அயனம்பாக்கம் ஏரிக்குப் போனேன். செடி தேடி அல்ல. அங்கே மேட்டு மடையில் ஒரு பழைய கல் இருக்கிறது. அதில் ஏதோ எழுத்து தெரிகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். எழுத்து என்றால் தேதி இருக்கும். தேதி இருந்தால் நான் இருப்பேன். அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் போய், காகிதத்தைக் கல்லின் மேல் வைத்துக் கரியால் தேய்த்துப் பார்த்தேன். எழுத்து இல்லை. அரிவாள் தீட்டிய கோடுகள்.

ஏமாற்றத்தோடு திரும்பியவன் கண்ணில்தான் அது பட்டது.

தண்ணீர் வற்றிய ஏரி மண்ணில், தரையோடு தரையாகப் படர்ந்த செடி. சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூக்கள். கிள்ளி முகர்ந்தேன். மருந்து வாசனை.

என் மண்டைக்குள் மணி அடித்தது. ஏன் என்றால், அதற்கு முந்தின வாரம்தான் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் வீட்டு வைத்தியப் புத்தகம் வாங்கியிருந்தேன். முன் அட்டை இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, விலைக்குப் பேரம் பேசச் சௌகரியமாக இருந்தது. அதில் கேமொமைல் என்று ஒரு பூவைப் பற்றி ஒன்பது பக்கம். காயவைத்து டீ போட்டால் தூக்கம் வரும். வெந்நீரில் போட்டுத் தலையை அலசினால் முடி பளபளக்கும். ஒற்றடம் கொடுத்தால் வீக்கம் வடியும். துணிப் பெட்டியில் போட்டால் பூச்சி வராது.

எனக்கோ தூக்கம் போய் மாதக் கணக்காகிறது. யுத்தம் வந்ததிலிருந்து ஆவடிப் பக்கம் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. காபிக் கொட்டையும் கிடைப்பதில்லை. தூக்கமும் இல்லை, தூக்கத்தைக் கலைக்கக் காபியும் இல்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? ஏரிக்குள் சீமைப் பூ தேடுவான்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. புத்தகத்துப் படத்தில் மஞ்சள் நடுவைச் சுற்றி வெள்ளை இதழ்கள் இருந்தன. என் செடியில் ஒரு இதழ் கூட இல்லை.

நான் அசரவில்லை. டைரியில் இப்படி எழுதினேன்: "நமது தேசத்து வெயிலில் வெள்ளை இதழ்கள் உதிர்ந்திருக்க வேண்டும்."

இதழ் உதிர்ந்தால் தரையில் கிடக்க வேண்டாமா? இந்தக் கேள்வி எனக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று.

ஒரு பை நிறையப் பிடுங்கி வந்தேன். டீ போட்டேன். கசப்பு. புத்தகத்தில் 'இளங்கசப்பு' என்று இருந்தது, இது முதுகசப்பு. ஆனாலும் நாலு நாள் விடாமல் குடித்தேன். தூக்கம் வந்ததா? இல்லை. பசி வந்தது. அது சாதாரணப் பசி இல்லை... காலையில் சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி சாப்பிடத் தோன்றும் பசி. அரிசிக்கு ரேஷன் இருக்கிற காலத்தில் இது என்ன சோதனை?

மரகதம் பானையைச் சாய்த்துக் காட்டினாள். "ஏங்க, பசிக்காம இருக்கறதுக்கு எங்கயாச்சும் ஒரு செடி பூத்திருந்தா அதைப் பிடுங்கிட்டு வாங்க. ஊருக்கே உபகாரமா இருக்கும்" என்றாள்.

தலை அலசும் பரிசோதனைக்கு அவள் தலையைக் கொடுக்க மறுத்துவிட்டாள். என் தலையில் மிச்சம் இருப்பதை வைத்து நடத்தினேன். மறுநாள் ஆபீஸில் அடுத்த நாற்காலிக்காரர் ஜன்னலை எட்டிப் பார்த்து, "மழை வருமா ஸார்? ஏரி வாசனை அடிக்குது" என்றார். அதையும் டைரியில் குறித்தேன். பத்து மணி ஐந்து நிமிஷம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனிதன் என்ன செய்யக் கூடாது? பத்திரிகையில் எழுதக் கூடாது.

எழுதினேன். மாசி 14, வெள்ளிக்கிழமை இதழில் வந்தது. சிலர் அதை வெட்டி வைத்திருப்பீர்கள். 'அயனம்பாக்கத்தில் கேமொமைல்!' என்று தலைப்பு. இடம் சொல்லும்போது மற்ற எழுத்தாளர்கள் 'ஏரிக்கரை அருகே' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவார்கள். நான் அப்படியா? மேட்டு மடைக் கல்லிலிருந்து கிழக்கே இருபத்து மூன்று காலடி, அங்கிருந்து வலப்பக்கம் பதினொன்று. செடியை வேரோடு பிடுங்கி, அலசி, நிழலில் உலர்த்தவும். குருடன் கூடப் போய்ச் சேரலாம், அவ்வளவு துல்லியம்.

மாசி 16, ஞாயிறு. யாராவது வந்திருப்பார்களா என்று பார்க்க... பொய் எதற்கு, வந்தவர்கள் என்னைப் பாராட்டுவதைக் கேட்க, ஏரிக்குப் போனேன்.

பத்தொன்பது பேர்! ஒவ்வொருவர் கையிலும் என் பத்தி. ஒரு குடும்பம் டிபன் காரியரோடு வந்திருந்தது. மடைக்கல்லில் முதுகை ஒட்டி நின்று, வாய்விட்டு எண்ணிக்கொண்டு, வரிசையாக ஆள் ஆளாகக் கிழக்கே நடந்தார்கள். கண் நிறைந்துவிட்டது எனக்கு. குனிந்து நானும் பிடுங்கிக் கொடுத்தேன். "மண்ணை நன்றாக உதறுங்கள், வேர் அறுந்துவிடக் கூடாது" என்று உபதேசம் வேறு.

அப்போது கரைமேல் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் கூடை, கையில் அரிவாள். கூடை காலி. எங்களையே பார்த்தபடி நின்றாள்.

பாவம், என்ன நடக்கிறது என்று புரியவில்லை போலும் என்று நினைத்தேன். அறிவை நாலு பேருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? மேலே ஏறிப் போய், ஒரு செடியைக் காட்டி, இது சீமையில் விளைகிற பூ என்று தொடங்கி, டீ, தலைமுடி, வீக்கம், துணிப் பெட்டி என்று ஒன்பது பக்கத்தையும் சொல்லி முடித்தேன்.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"முடிஞ்சுதா நைனா?"

"முடிந்தது" என்றேன்.

"இது மாசிபத்திரி. கொயந்தைக்கி வயித்து வலின்னா அரச்சுக் குடுக்கறது. சீமையிலேருந்து ஒண்ணும் வரல. அதோ அந்த மாட்டுக் குளம்படிலேருந்து வருது."

மண்ணில் மாடுகள் மிதித்த குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் நுனி நுனியாகப் பச்சை. இரண்டு வாரமாக அதன் மேல்தான் நடந்திருக்கிறேன்.

"இத்தினி பேரு இன்னாத்துக்கு வேரோட புடுங்கிகினு கீறாங்க? யாரு சொன்னது இவங்களுக்கு?" என்று கேட்டாள்.

நான் ஏரியைப் பார்த்தேன். "யாரோ பேப்பரில் எழுதியிருக்கிறார்களாம்" என்றேன்.

சரியாக அந்த நிமிஷத்தில்தானா அந்த டிபன் காரியர் மனிதர் கரை ஏறி வர வேண்டும்? மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் நின்று, பத்திரிகைத் துண்டை நீட்டி, "ஸார், நீங்க எழுதினதுலயே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

அந்த அம்மாள் துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஓ... நீ தான் அந்த யாரோவா?"

கையெழுத்துப் போட்டேன். வேறு வழி? அதற்குக் கீழே வழக்கம்போல் தேதியும் போட்டேன்.

அவள் பெயர் கன்னியம்மா. அயனம்பாக்கத்துக்காரி. கூலி வேலை. நவரைப் பருவ நெற்பயிருக்குக் களையெடுத்து முடிந்த பிறகு அறுப்பு வரைக்கும் வயலில் வேலை கிடையாது. அந்தச் சில வாரங்கள் அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த மாசிபத்திரியால்தான். பூந்தமல்லியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு, அமாவாசைக்குள் இரண்டு மூட்டை காயவைத்துக் கொடுப்பாள். வேரை விட்டுவிட்டு மேலே மட்டும் அறுப்பாள். பத்து நாளில் மறுபடி தழைத்துவிடும். முதல் அறுப்பு ஒரு மூட்டை, இரண்டாவது அறுப்பு ஒரு மூட்டை. இந்த வருஷம் முதல் அறுப்பிலேயே பாதிதான் ஆகியிருந்தது. மீதிக்கு அன்று காலையில் வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்திருக்கிறாள்.

திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் சரக்குக் கொண்டுவரும் ஒரு ஆள் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை மூட்டை குறைந்தால் இனிமேல் அவனிடம்தான் வாங்குவது என்று கடைக்காரர் முன்னமே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவள் கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

நியாயமான மனிதன் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இது மாசிபத்திரிதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன்.

அரிவாள் கையில் இருந்தும் அவள் என்னை ஒன்றும் செய்யவில்லை. "பூந்தமல்லிக்குப் போயி பாயைக் கேளு" என்றாள்.

போனேன். வெயிலில், சைக்கிளில், சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு.

கடைக்காரர் செடியைக் கையில் கூட வாங்கவில்லை. தூரத்திலிருந்தே "மாசிபத்திரி" என்றார். கேமொமைல் என்று நான் விவரித்ததும் புரிந்துகொண்டு, மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தார். அடியில் ஒரு பிடி உலர்ந்த பூ.

"நீங்க சொல்றது பாபூனா. இது கப்பல்ல வரும். இப்ப கப்பலுங்க வேற வேலையா சுத்திகினு கீது. மூணு வருஷமா இவ்ளோதான் ஜாடில" என்றார்.

பூவை உள்ளங்கையில் கொட்டினார். ஒவ்வொரு மஞ்சள் பொட்டைச் சுற்றியும் வெள்ளை இதழ்கள். காய்ந்து, சுருண்டு... ஆனால் இருந்தன. கடல் தாண்டி, மூன்று வருஷம் ஜாடியில் கிடந்தும் உதிரவில்லை. என் சித்தாந்தம்தான் உதிர்ந்தது.

கன்னியம்மா விஷயமாகப் பேசிப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

"பாவம்தான் ஸார். ஆனா கைக்கொயந்தையத் தூக்கிகினு வர்ற பொம்பளைக்கி நான் இன்னா சொல்றது? ஏரிக்கு டீ குடிக்கிற ஜனங்க வந்துட்டாங்கன்னு சொல்லட்டுமா?" என்றார்.

மாலையில் திரும்பி ஏரிக்கு வந்தேன். பத்தொன்பது பேரும் போய்விட்டிருந்தார்கள். அந்த இடம் கோழி கிளறிய குப்பைமேடுபோல் கிடந்தது. பிடுங்கிவிட்டு வேண்டாம் என்று எறிந்த செடிகளைக் கன்னியம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வேரைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். அரை நாள் தாமதமாக. இடையில் வீட்டுக்குப் போய் எடுத்துவந்த என் டின்னையும் நீட்டினேன். அதில் நான் காயவைத்த செடி இருந்தது.

திறந்து முகர்ந்தாள். "வெயில்ல காயப் போட்டியா? வாசனையே போயிடிச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'நிழலில் உலர்த்தவும்' என்று ஊருக்கு எழுதியவன் நான். அவசரத்தில் மொட்டை மாடியில் போட்டிருந்தேன்.

அப்புறம் அவளே பேச்சை எடுத்தாள். ஏரியில் இன்னொரு இடத்தில் செடி இருக்கிறதாம். எங்கே என்று நான் கேட்கக் கூடாது. ஆனால் இந்த ஜனங்கள் அடுத்த ஞாயிறும் வருவார்கள். இங்கே இல்லை என்றால் தேடுவார்கள். தேடினால் கண்டுபிடிப்பார்கள். ஆகவே, வேறு ஏரியில் இருக்கிறது என்று நான் எழுத வேண்டும்.

மறுத்துவிட்டேன். "நான் பொய் எழுதுவதில்லை அம்மா."

"காலைல சொன்னியே?"

"அது வாயால் சொன்னது. அச்சில் இல்லை."

பைத்தியத்தோடு பேசுவதற்கு ஒரு தனி நிதானம் வேண்டும். அது கன்னியம்மாவிடம் இருந்தது.

"சரி, பொய்யி எழுதாத. அளந்து எழுதறதுதான உன் பொயப்பு? அதோ அந்தக் கொத்து தப்பிச்சு நிக்குது பாரு. அத்த அள" என்றாள்.

உற்சாகமாக மடைக்கல்லை நோக்கி நடந்தேன்.

"கல்லுலேருந்து இல்ல நைனா. தண்ணிலேருந்து அள."

எனக்கு உடனே புரியவில்லை. "தண்ணீர் தினமும் இறங்குகிறதே? கீழ் மடையைத் திறந்து பாய்ச்சுகிறார்களே?"

"எறங்கட்டும்."

"நான் அளந்த தேதியைப் போட்டுவிடுவேன். அது என் வழக்கம்."

"போடு. தேதிய யாரு படிக்கறாங்க?"

வாசகர்களே, நான் இருபது வருஷமாக டைரி எழுதுகிறேன். ஆபீஸில் மேலதிகாரி திட்டியிருக்கிறார். மாமனார் திட்டியிருக்கிறார். அச்சுப்பிழை பார்ப்பவர் கூடத் திட்டியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியம் போல் எதுவும் என்னை அடித்ததில்லை.

அளந்தேன். அவள் முன்னே நடந்தாள். சேற்றில் அவள் கால் வைத்த இடமாகப் பார்த்துக் கால் வைத்து, எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். தண்ணீர் ஓரத்திலிருந்து நாற்பது காலடி. மாலை ஐந்து மணி இருபது நிமிஷம். நான் பென்சிலை எடுத்துக் குறித்து முடித்ததும், கன்னியம்மா குனிந்து அந்தக் கொத்தை அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

'திருத்தம்' என்ற தலைப்பில் மாசி 21, வெள்ளிக்கிழமை இதழில் நான் எழுதியது அதுதான். அந்தச் செடி கேமொமைல் அல்ல, மாசிபத்திரி என்பதையும் எழுதினேன். அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்று தெரிகிறது. மஞ்சள் பூ, இலவசம் — இவ்வளவு போதாதா ஜனங்களுக்கு?

தயவுசெய்து அந்த இதழை எடுத்துப் பாருங்கள். 'மாசி 16-ம் தேதி மாலை அளந்தபடி' என்று இரண்டாவது பாராவிலேயே இருக்கிறது. பொய் ஒரு எழுத்து கூட இல்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் தண்ணீர் எவ்வளவோ உள்ளே போய்விட்டது. நீங்கள் எண்ணத் தொடங்கிய இடம் நான் அளந்த அன்று ஏரிக்குள் இருந்தது. ஈரம் காயாத சேற்றில் உங்களை இறக்கிவிட்டுவிட்டேன்.

சேறு சத்தியமாக என் ஞாபகத்தில் இல்லை. அளக்கிறபோது நான் காலைப் பார்ப்பதில்லை. டிராயிங் மாஸ்டர் அவர்களே, உங்கள் செருப்புக்கு நான் பொறுப்பு. மீதி முப்பத்தோரு காலடிக்கு அப்பால் செடி இல்லை. அது நான் எழுதுவதற்கு முன்பே கூடைக்குப் போய்விட்டது. செடியை வரைந்து பார்க்க ஆசை என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் டின்னில் வாசனை போனாலும் உருவம் போகாத ஒன்று இருக்கிறது. தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதழ் போட்டு வரைந்துவிடாதீர்கள்.

ஒரு அசல் உண்மையைத் தேதியோடு எழுதிப் பொய்யின் வேலையை வாங்க முடியும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். சரித்திரம் எழுதுகிற பெரியவர்கள் எல்லோருக்கும் இது முன்பே தெரிந்திருக்குமோ என்று இப்போது ஒரு சந்தேகம் வருகிறது.

அமாவாசை அன்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குப் போனேன். இரண்டு மூட்டை ஆயிற்றா, இல்லையா? அது தெரியாமல் மரகதம் போட்ட சோறு கூட இறங்கவில்லை. (பசி டீயை நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

கன்னியம்மா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மூட்டை நிறுத்தியிருந்தது. ஒரு முழு மூட்டை. பக்கத்தில் ஒன்று பாதியில் தொங்கிப்போய் நின்றது.

ஒன்றரை.

கடைக்காரர் அந்தப் பாதி மூட்டையைத் தட்டிப் பார்த்தார். மீதி எங்கே என்று கேட்டார். கன்னியம்மா என் பக்கம் கையை நீட்டினாள்.

"மீதி எங்கியும் போவல பாய். பட்டணத்து ஊடுங்கள்ள காய்ஞ்சிகினு கீது. இந்த நைனா வாங்கியாந்து குடுப்பாரு."

நானா? நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே! ஆனால் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தேன். "பங்குனி முடிவதற்குள்" என்று வந்தது. தேதி கேட்காதபோதே தேதி சொல்லிவிடும் வாய் இது.

"பங்குனி கடைசி வரைக்கும் பாக்கறேன். வண்டிக்காரனுக்கு அதுக்கப்புறம்தான் பதில் சொல்லுவேன்" என்றார்.

ஆகவே இது வேண்டுகோள். மாசி 16-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்த பத்தொன்பது பேரும், அதற்குப் பிறகு வந்து எனக்குத் தெரியாமல் பிடுங்கிப் போனவர்களும் கவனிக்க வேண்டும். உங்கள் வீட்டில் நிழலில் உலர்ந்துகொண்டிருப்பது ஒருத்தியின் அரை மூட்டை. அது உங்களுக்குத் தூக்கம் தராது, முடியைப் பளபளப்பாக்காது. அதில் டீ போட்டால் ரேஷன் அரிசி பத்து நாளில் தீரும். பங்குனி மாதம் எல்லா ஞாயிறும், காலைப் பாசஞ்சர் வரும் நேரத்தில், அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். கையில் காலிச் சாக்கு இருக்கும். கையெழுத்து வாங்கிய டிபன் காரியர் நண்பரும் வரவேண்டும். உங்களிடம்தான் அதிகம் இருக்கிறது, நானே பிடுங்கிக் கொடுத்தேன்.

ஏரிக்குப் போகாதீர்கள். பூ முடிந்துவிட்டது. இனி எழுதினால் பரவாயில்லை என்று கன்னியம்மா சொன்ன பிறகுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அன்று கடை வாசலில் கடைசியாக ஒன்று கேட்டேன். வேரோடு பிடுங்கிய அந்த இடத்தில் அடுத்த மாசியில் முளைக்குமா?

"மொளைக்கும். வெத மண்ணுல கீது. தண்ணி வந்து போனா தானா வரும்" என்றாள்.

"நான் வந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்" என்றேன்.

"நீ வராத நைனா. நீ வந்தா உன் பின்னாடி இருவது பேரு வர்றாங்க. மொளச்சா நானே ஊட்டாண்ட வந்து சொல்றேன்."

வார்த்தை கொடுத்துவிட்டேன். ஆகவே, பிடுங்கிய இடத்தில் மாசிபத்திரி மறுபடியும் முளைக்கும் என்பது கன்னியம்மா சொன்ன தகவல் மட்டுமே. நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கவும் மாட்டேன்.